பெல்ட்டின் பழைய ஓட்டை

பெல்ட் செய்கிறவனுக்குத் தன் இடுப்பு இளைத்துக்கொண்டே போவது ஒரு தொந்தரவே இல்லை. ஓட்டை போடுகிற பஞ்ச் உளியை எடுத்துத் தோலின் மேல் நிறுத்தி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் புது ஓட்டை தயார். வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால், பேண்ட் நழுவும்போதாவது ‘என்னடா இது’ என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பான். எனக்கு அந்த ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. மூன்று ஓட்டைகள் போட்டேன், மூன்றையும் சந்தோஷமாகவே போட்டேன்.

நோயிலிருந்து எழுந்து வந்தவர்கள் எழுதுவதைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். பெரும்பாலும் முதல் வலியிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு முதலில் வந்தது வலி இல்லை, பாராட்டு. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தாராவியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை உண்டு. கீழே பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் வீடு. நானும் என் மனைவி ஜமீலாவும்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேலைக்கு இரண்டு பேர் வருவார்கள். மெஷின் தையல் அவர்களுடையது. கொஞ்சம் நல்ல சரக்கு என்றால் பக்கிள் பக்கம் கையால் தைப்போம், அதை நானோ ஜமீலாவோ செய்வோம். ஜமீலா இடதுகைக்காரி. அவள் போடும் தையல் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். நூறு பெல்ட்டை ஒன்றாகக் குவித்து வைத்தாலும் அவள் தைத்ததைப் பொறுக்கி எடுத்துவிடுவேன். பட்டறையில் இதைச் சொல்லிக் கேலி செய்யாத ஆளில்லை. “வாங்குறவன் திருப்பிப் பாத்தா வாங்குதான்?” என்பாள்.

நாற்பது தாண்டிய பிறகுதான் நான் ஓட ஆரம்பித்தேன். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை, வாப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது என்று ஏதோ பயம். எங்கள் பக்கத்துத் தொண்ணூறு அடி ரோடு விழிப்பதற்குள் ஓடி முடித்துவிட்டு வருவேன். அப்படி ஓடியபோது செம்பூரில் கணக்கு எழுதும் விநாயக் என்ற மராத்திக்காரர் பழக்கமானார். அவர் மூலம் ஒரு ஓட்டக் கூட்டம். பதக்கத்துக்காக வருடத்துக்கு ஒரு முறை ஓடுகிற கூட்டம் இல்லை அது. நீண்ட நேரம் ஓடுவதே அவர்களுக்கு வேலை. அவர்களோடு சேர்ந்து எனக்கும் பைத்தியம் பிடித்தது. பன்னிரண்டு மணி நேர ஓட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும், நேரம் முடியும்போது எவ்வளவு தூரம் கடந்தாயோ அதுதான் உன் கணக்கு. எண்பது கிலோமீட்டர் ஓடுவது என்று மனதில் வைத்திருந்தேன். ஒரு வருடம் முழுக்க அதற்காகத்தான் எழுந்தேன், அதற்காகத்தான் தின்றேன்.

ஓட்டத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இளைக்க ஆரம்பித்தேன்.

“ரேஸ் வெயிட் வந்துடுச்சு பாய்,” என்றார் விநாயக். எங்கள் கூட்டத்தில் இதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. உடம்பு லேசானால் முழங்கால் தப்பிக்கும், தூரம் கூடும். எடை குறையவில்லை என்று அழுகிறவர்கள் என்னிடம் வந்து என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். நானும் பெரிய மனுஷனாகச் சப்பாத்தி, சோறு என்று விளக்கம் கொடுத்தேன்.

ஓடுகிறவனிடம் உடம்பின் எல்லாப் புகாருக்கும் ஒரு பதில் இருக்கும், அதுதான் எங்கள் வியாதி. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுட்டது, பயிற்சி அதிகம் என்றேன். வறட்டு இருமல் வந்தது, தோல் தூசி, ஒட்டுகிற சொல்யூஷன் நெடி என்றேன். இழுத்து மூச்சு விட்டால் இடது விலாவில் சுருக்கென்றது, அது ஓடுகிற எல்லோருக்கும் வருகிற பிடிப்புதானே என்றேன். இரவில் வேர்த்துக் கொட்டியது, மும்பையில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை என்றேன்.

ஜமீலா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“மச்சான், தலகாணி பிழியுத மாதிரி நனைஞ்சு கெடக்கு. பாத்தியளா இல்லியா?”

“வேர்வைதானே.”

“நீங்க ஓடி மெலியல. படுத்துக் கெடந்தே மெலியுதிய.”

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருட உழைப்பை இவள் நோய் என்கிறாளே என்று, கீழே இறங்கிப் போய் மூன்றாவது ஓட்டையைப் போட்டேன்.

அந்த வார ஞாயிறு, சயானிலிருந்து செம்பூர் வழியாக நீண்ட ஓட்டம். செம்பூர் வந்தபோது விநாயக் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லுக்கு மூச்சு இல்லை. ஓடுவதற்கு இருக்கிறது, பேசுவதற்கு இல்லை. அப்படியே டிவைடரில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு ரிக்‌ஷா பிடித்து என்னை வீட்டு வாசலில் இறக்கினார். ஏணியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஏற முடியாது என்று தெரிந்தது. ஜமீலா துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, அதே ரிக்‌ஷாவில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு தனியார் நர்சிங் ஹோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் என்பது படத்தில் கறுப்பாக இருக்க வேண்டும், உள்ளே காற்று இருப்பதால். என் வலது பக்கம் கறுப்பாக இருந்தது. இடது பக்கம் பாதிக்குக் கீழே வெள்ளை. அங்கே இரண்டு நாள் வைத்திருந்து, ஊசி மருந்து ஏற்றி, பண்டிகை ஆர்டருக்கு வாங்கிய முன்பணத்தைச் சாப்பிட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே பார்த்த டாக்டரம்மா என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். இந்தியில்தான் பேசினார், ஆனால் நிதானமாகப் பேசினார். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறை உண்டாம், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது, நுரையீரல் விரிய இடமில்லாமல் ஒடுங்கிக் கிடக்கிறது என்றார். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் கொஞ்சம் நீரை இழுத்தார்கள். கஞ்சித் தண்ணீர் போல இருக்கும் என்று நினைத்தேன். மஞ்சளாக, தெளிவாக இருந்தது. அதைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு என்னைப் பற்றி விசாரித்தார்.

“ஓடுறவரா நீங்க? அதனாலதான் இவ்வளவு நாள் தாங்கியிருக்கீங்க,” என்றவர், எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “அதனாலதான் இவ்வளவு லேட்டாவும் வந்திருக்கீங்க.”

சோதனை முடிவு வந்தது. டி.பி. நுரையீரலின் உறையில் வந்த டி.பி. சளியில் கிருமி இல்லை, அதனால் என்னிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவ வாய்ப்பு மிகக் குறைவு, ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது என்றார். நான் கேட்ட முதல் கேள்வியை இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இன்னும் இரண்டு வாரத்தில் ஒரு ஓட்டம் இருக்கிறதே என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “இந்த வருஷம் இல்ல,” என்றார். ஜமீலா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு இந்த நோய் புதிது இல்லை. அவள் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, டி.பி.யில்தான் போனாள். மாத்திரை சாப்பிட்டு நாலு மாதத்தில் முகத்தில் நிறம் வந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நிறுத்தினவள். அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்ததை ஜமீலா பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவள்தான் சொன்னாள்.

“யாரு கேட்டாலும் நிமோனியான்னு சொல்லுவோம்.”

“பரவாதுன்னாங்களே.”

“அது ஒங்களுக்கும் எனக்கும் தெரியும். பட்டறைக்கு வாரவனுக்குத் தெரியுமா? டீ குடுக்கவனுக்குத் தெரியுமா?”

நிமோனியா என்றே சொன்னோம். விநாயக்குக்கும் அதைத்தான் அனுப்பினேன். ‘சீக்கிரம் குணமாகு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் எல்லோரும் கும்பிடுகிற கை போட்டார்கள். ஒரு நாள் முழுக்கக் கைகள் வந்துகொண்டிருந்தன. மறுநாள் நின்றுவிட்டன. யாரையும் குறை சொல்லவில்லை. நிமோனியா என்றால் பத்து நாளில் எழுந்து வருவான் என்றுதானே நினைப்பார்கள்.

நீர் ஒரே இடத்தில் நிற்காமல் கூழாகிச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்துவிட்டதாம். ஊசியால் எடுக்க முடியவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவில் துளையிட்டுக் குழாய் போட்டார்கள். ஓட்டை போடுவதே தொழிலாக இருப்பவனுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. குழாயின் மறுமுனை தண்ணீர் வைத்த ஒரு பாட்டிலுக்குள் முங்கியிருக்கும். உள்ளே இருப்பது வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போகக்கூடாது, அதற்குத்தான் அந்தத் தண்ணீர். எங்கே போனாலும் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு, நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு போக வேண்டும். முதல் இரண்டு நாள் மூச்சு விடுவதே வலி. அப்புறம் பழகிவிட்டது.

ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக்கூடாது. மற்ற கட்டில்களின் பக்கத்தில் தம்பி, மகன், மருமகன் என்று யாராவது பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். என் கட்டிலின் பக்கத்தில் தரை காலியாக இருக்கும். பார்வையாளர் நேரத்தில் ஜமீலா வருவாள். பட்டறையை அவள்தான் பார்த்துக்கொண்டாள், அவள் விரல்களில் சொல்யூஷன் வாடை இருக்கும். அந்த விரல்களால் முட்டையை உரித்துத் தருவாள். முட்டையிலும் சொல்யூஷன் வாசம். நான் எதுவும் சொல்லாமல் தின்பேன். மணி அடித்ததும் அவள் டிபன் கேரியரை அடுக்கிக்கொண்டு போய்விடுவாள். வார்டு வாசல் திரும்பும்போது ஒரு முறை பார்ப்பாள். அதற்கப்புறம் மறுநாள் வரைக்கும் என்னை உறவு சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. நர்ஸுகளுக்கு நான் கட்டில் எண்தான். நாற்பது பேர் இருமுகிற இடத்தில் ஒருவன் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

இரவுகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். விளக்கை அணைக்க மாட்டார்கள். பாட்டிலில் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். செத்துப்போவேன் என்று பயந்தேன். அதைவிட, செத்துப்போகாமல், மாடி ஏற மூச்சு வாங்குகிற ஆளாக மிச்ச நாளை ஓட்டுவேனோ என்று பயந்தேன். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஜமீலாவிடம் சொன்னால், இன்னும் ஓட்டத்தைத்தான் நினைக்கிறாரா என்று நினைப்பாள். நினைத்தேன்தான்.

பக்கத்துக் கட்டிலில் முருகேசன் என்பவர் இருந்தார். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வெல்டிங் வேலை. அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம். ஆஸ்துமா. பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்குவதற்காக நிற்பாரே தவிர, பேச்சை நிறுத்த மாட்டார்.

ஓட்டம் நடக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிவதற்கு முன்னாலேயே போனில் படங்கள் வர ஆரம்பித்தன. நம்பர் குத்திய பனியன்கள். விநாயக் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்கு ஒதுக்கிய ஓட்ட நம்பரை யாரும் வாங்கவில்லை. பதிவு செய்துவிட்டு வராதவர்களுக்கு எங்கள் ஓட்ட உலகில் டி.என்.எஸ். என்று போடுவார்கள். தொடங்கவே இல்லை என்று அர்த்தம். பாதியில் விழுந்தவனுக்குக்கூட அங்கே ஒரு மரியாதை உண்டு. தொடங்காதவனுக்கு எதுவும் கிடையாது.

“என்னவே, காலையிலேயே மூஞ்சி தொங்குது?” என்றார் முருகேசன்.

சொன்னேன். பன்னிரண்டு மணி நேரம் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“பன்னெண்டு மணி நேரமா? யாரு வெரட்டுதா?”

“யாரும் விரட்டல. நாமளா ஓடுறதுதான்.”

“நல்லா இருக்குவே ஒம்ம சோலி.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “சரி, இங்க சுத்தும். வாசல்லருந்து அந்த சன்னல் வரைக்கும். நான் எண்ணுதேன்,” என்றார்.

கேலிக்குத்தான் சொன்னார். நான் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கட்டில்களுக்கு நடுவே, வாசலிலிருந்து ஜன்னல் வரை, ஜன்னலிலிருந்து வாசல் வரை. ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டேன், இழுபடாமல் இருக்க. நர்ஸ் வந்து திட்டினார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்றேன். அது உண்மைதான், கொஞ்சம் நடந்தால் நுரையீரல் விரியும் என்று சொல்லியிருந்தார். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. முருகேசன் உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ஒரு முறை சத்தம் கேட்கவில்லை. தூங்கிப்போயிருந்தார். அதற்கு மேல் நானும் எண்ணவில்லை, ஆனால் நடந்தேன். சாப்பாட்டு வண்டி வந்து வழியை மறைக்கும் வரை நடந்தேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

இரண்டு நாள் கழித்து முருகேசனை அனுப்பிவிட்டார்கள். “ஓட்டக்காரரே, லேபர் கேம்ப் பக்கம் வந்தா வாரும்,” என்றார். அந்தக் கட்டிலுக்கு வந்தவர் யாரிடமும் பேசாதவர். எனக்குக் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்ப இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

மாத்திரை நாட்களைப் பற்றியும் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன். மருந்து இலவசம், மாநகராட்சி ஹெல்த் போஸ்ட்டில் தருவார்கள். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு ஜூஸ் நிறத்தில் போனதும் உயிரே போய்விட்டது என்று நினைத்தேன். அந்த மருந்து அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை. முதல் இரண்டு மாதம் மூட்டெல்லாம் வலிக்கும். வாந்தி வருகிற மாதிரியே இருக்கும், வராது. இவற்றை எல்லாம் தாங்கிவிடலாம். நல்லாகிவிட்டது போலத் தோன்றுகிற நாள்தான் ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஆபத்து வர வழியில்லை. ஜமீலா மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கஷ்டம். அந்த நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். குரூப்பில் படம் வரும், ஒலியை அணைத்து வைத்துவிட்டேன். விநாயக் இரண்டு தடவை கூப்பிட்டார். நிமோனியாவுக்கு இத்தனை மாதமா என்று கேட்டுவிடுவாரோ என்று எடுக்கவில்லை. அப்புறம் அவரும் கூப்பிடவில்லை. என்னை யாரும் ஒதுக்கவில்லை. ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து நானே ஒதுங்கிக்கொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

“வீட்டுல இருந்தும் இல்லாத மாதிரி இருக்கிய,” என்று ஒரு நாள் ஜமீலா சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னதற்கு அதுதான் சாட்சி.

ஆறு மாதம் முடிந்தது. எக்ஸ்ரேயில் இடது மூலையில் லேசான தடிப்பு மட்டும் இருந்தது. தழும்புதான், இனி அது அங்கேயே இருக்கும் என்றார் டாக்டரம்மா. ஓடலாமா என்றேன். மெதுவாக ஆரம்பிக்கலாம், ஒரு தடையும் இல்லை, இளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் ஜமீலாவைப் பார்த்தேன். அவள் இந்த முறையும் சுவரைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து என் பழைய பெல்ட்டை எடுத்தாள். நான் எனக்காகச் செய்து கையால் தைத்துக்கொண்டது அது. அதில் பழைய ஓட்டை ஒன்று நீண்டு தேய்ந்திருந்தது, பல வருடம் பக்கிள் முள் நின்ற இடம். அதற்கு உள்பக்கமாக நான் போட்ட மூன்று புது ஓட்டைகள்.

“ஓடுங்க. வேணாங்கல. ஆனா அந்தப் பன்னெண்டு மணி நேரத்துக்குப் போணும்னா, பெல்ட்டு இந்தப் பழைய ஓட்டைக்கு வரணும். பேண்ட்டு நழுவாம நிக்கணும்.”

“டாக்டரே சரின்னுட்டாங்க.”

“டாக்டரு எங்க ராத்தாவப் பாக்கல,” என்றாள்.

பெல்ட் அவளுடைய பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு அது வெளியே வரும். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பேன், அவளே மாட்டிப் பார்ப்பாள். தினசரி போட்டுக்கொள்ள வேறு பெல்ட்டுக்கா பஞ்சம், பட்டறை முழுக்கத் தொங்குகிறது.

நடந்தேன், பிறகு நடையும் ஓட்டமுமாக, பிறகு ஓட்டம். விநாயக்குக்கோ மற்றவர்களுக்கோ தெரியாமல், அவர்கள் வராத பாதையில் தனியாக ஓடினேன். முதல் ஓட்டையைத் தாண்டினேன், இரண்டாவதைத் தாண்டினேன். மூன்றாவதையும் தாண்டிய பிறகு அப்படியே நின்றுவிட்டது. பழைய ஓட்டையில் மாட்டினால் பெல்ட் ஒரு விரல் அகலம் தளர்ந்து பேண்ட் இறங்கிவிடும். இதில் உள்ள கொடுமை உங்களுக்குப் புரிகிறதா? பன்னிரண்டு மணி நேரம் ஓட வேண்டுமானால் அதற்குத் தகுந்த பயிற்சி வேண்டும். அப்படி ஓடினால் எடை ஏறாது. எடை ஏற வேண்டுமானால் ஓடக்கூடாது. நெய், முட்டை, பேரீச்சை, எதுவும் அந்த ஒரு விரலை நிரப்பவில்லை. பட்டறையில் உட்கார்ந்து அந்தப் பெல்ட்டைப் போலவே ஒன்று செய்து ஓட்டையை இடம் மாற்றிப் போட்டால் என்ன என்று யோசித்ததும் உண்டு. தோலைக்கூட எடுத்துவிட்டேன். வெட்டக் கை வரவில்லை.

அந்த வருட ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு வந்த வெள்ளிக்கிழமை, நம்பிக்கை இல்லாமல்தான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஜமீலா மாட்டினாள். பழைய ஓட்டை. பிடித்து இழுத்துப் பார்த்தாள், பேண்ட் நழுவவில்லை. குனிந்து பார்த்தேன். முள் அந்தத் தேய்ந்த இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

“போங்க,” என்றாள். கழற்றி மறுபடியும் பெட்டியில் வைத்துவிட்டாள்.

ஓட்டத்தன்று இருட்டிலேயே கிளம்பினேன். அவளே பெல்ட்டை எடுத்துக் கையில் தந்தாள். “இதப் போட்டுட்டுப் போங்க.” அரை டிரவுசரைப் பையில் வைத்துக்கொண்டு, பேண்ட்டும் அந்தப் பெல்ட்டுமாகப் போனேன். மைதானத்தில் உடை மாற்றி, நம்பரைக் குத்திக்கொண்டேன்.

விநாயக் பார்த்துவிட்டார். ஓடி வந்து கட்டிக்கொண்டார். பிறகு தள்ளி நின்று மேலும் கீழும் பார்த்து, ஆறுதல் சொல்கிற குரலில், “கொஞ்சம் வெயிட் போட்டுட்டியே பாய். பரவாயில்ல, குறைச்சுடலாம்,” என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் கொடுத்த பேச்சு வேறு இல்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாலைந்து சுற்று அவரோடு மெதுவாக ஓடும்போது சொல்லிவிட்டேன். நிமோனியா இல்லை, டி.பி. என்று. அவ்வளவுதான், இனி இவரும் கொஞ்சம் தள்ளி ஓடுவார் என்று நினைத்தேன். அவர் தன் இடுப்பில் இருந்த எலுமிச்சைத் தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வாயைத் துடைக்காமல் அவரும் குடித்தார். “போனையாவது எடுத்திருக்கலாம்,” என்று திட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டார். அவருடைய வேகம் வேறு.

மிச்சத்தைத் தனியாகத்தான் ஓடினேன். நீண்ட ஓட்டம் எப்போதுமே தனிதான், எத்தனை பேர் சுற்றினாலும். வெயில் ஏறியதும் நடந்தேன். இடது விலாவில் அந்தத் தழும்பு ஒவ்வொரு பெருமூச்சுக்கும் தன்னை ஞாபகப்படுத்தியது. வார்டின் ஜன்னலும் வாசலும் ஞாபகம் வந்தன. எண்பது கனவுதான், அதற்கு வெகு தூரம் கீழேயே நேரம் முடிந்துவிட்டது. ஆனால் கடைசி விசில் ஊதும்போது நான் காலில் நின்றுகொண்டிருந்தேன், என் மூச்சில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேண்ட்டை மாட்டி, பெல்ட்டைக் கட்டினேன். பக்கிள் பக்கம் வயிற்றில் ஏதோ விறைப்பாகக் குத்தியது. பல வருடம் இடுப்பில் கிடந்த தோல் அப்படிக் குத்தாது. காலையில் இருட்டிலும் பதற்றத்திலும் கவனிக்கவில்லை. கழற்றித் திருப்பிப் பார்த்தேன்.

மடிப்பு புதிது. பழைய தையலைப் பிரித்து, ஒரு விரல் அகலம் வெட்டி எடுத்து, தோலைச் சீவி மறுபடி மடித்து, பக்கிளை உள்ளே தள்ளித் தைத்திருந்தது. சுத்தமான வேலை. நூலின் நிறம்கூட மாறவில்லை. தையல் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஓட்டையைத்தான் பார்த்தேன், பக்கிளைப் பார்க்கவில்லை.

ஆட்கள் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

“முடிஞ்சுதா? எவ்வளவு ஓடினிய?”

சொன்னேன்.

“மூச்சு?”

“நல்லா இருக்கு.”

அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ பஞ்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்.

“பெல்ட்டு?”

“சரியா இருக்கு ஜமீலா,” என்றேன்.

“ம்,” என்றாள். “சோறு ஆக்கி வச்சிருக்கேன். வாங்க.”